தேவதாஸின் தாடி, பார்வதியின் தழும்பு

'என்னடா, தேவதாஸ் மாதிரி தாடி வச்சுக்கிட்டு அலையுறே?' டீக்கடையில் இப்படிக் கேட்டால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வங்காள நாவலின் பாத்திரம் இங்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. பார்வதி ஏன் அப்படி ஆகவில்லை?

சரத்சந்திரரின் நாவல் 1917இல் வெளியானது. இரண்டு வீட்டாரும் பிராமணர்தான். ஆனாலும் பார்வதியுடையது பெண்ணுக்குப் பணம் வாங்கும் குடும்பம், போதாததற்குப் பக்கத்து வீடு. தேவதாஸின் வீட்டில் சம்மதிக்கவில்லை. நடுராத்திரியில் தானே அவன் அறைக்குப் போய்க் கேட்கிறாள் அந்தச் சின்னப்பெண். அவன் தயங்குகிறான். கல்கத்தாவுக்குப் போய், உன்மேல் எனக்குப் பெரிய பிரியம் இருந்ததில்லை என்கிற தொனியில் கடிதம் போடுகிறான். மனம் மாறித் திரும்பி வரும்போது அவள் மறுக்கிறாள். தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடிக்கிறான். அந்தத் தழும்போடுதான், வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஜமீன்தாருக்கு அவள் இரண்டாந்தாரமாகப் போகிறாள்.

நாவலின் கடைசிப் பத்தியைக் கவனிக்க வேண்டும். பார்வதி என்ன ஆனாளோ தெரியாது, விசாரிக்கவும் மனமில்லை என்கிறார் கதைசொல்லி. கண்ணீர் கேட்பது தேவதாஸுக்கு மட்டும். ஏக்கம் ஆணின் பெயரில் பட்டா போடப்படுகிற இடம் இதுதான். 'அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...' என்கிற புலம்பல் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. குலமும் அந்தஸ்தும் போட்ட தடையைத் தனிமனிதக் கோழைத்தனமாக, விதியாக மாற்றிவிடுகிறது. அழுதுவிட்டு எழுந்து போகலாம், எதையும் மாற்ற வேண்டியதில்லை.

1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் தமிழில் வந்தது. ஜனங்கள் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்கள். அதே 1953இல்தான், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1920களின் கடைசியிலிருந்து புரோகிதர் இல்லாமல், பல சமயம் சாதியும் தாண்டி, மாலை மாற்றிக் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தப் பதில். சாதி தாண்டிய இந்துத் திருமணத்தை 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்தது. சடங்கை விட்டவர்களுக்கு அதில் இடமில்லை. மனைவி சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டி ஆனாள், பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தேவதாஸ் வாழாத வாழ்க்கை எல்லோருக்கும் நிஜமாக இருந்தது. வாழ்ந்தே காட்டியவர்களின் வாழ்க்கையோ கற்பனை என்று தள்ளப்பட்டது. அண்ணா முதல்வரான பிறகு, 1967இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டம்தான் பழைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது.

சட்டம் மாறியதோடு கதை முடிந்துவிட்டதா? காதலித்தவளையே கட்டிக்கொண்ட ஒரு தலித் இளைஞர் 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வாய்ப்பைத் தவறவிடாததற்குக் கிடைத்த தண்டனை அது. இப்படிப்பட்ட ஊரில் 'தவறவிட்டேன்' என்று சொல்லக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது. யாருக்கு வாய்ப்பு இருந்தது, யாருக்கு இருந்ததே இல்லை என்று பிரித்துப் பார்க்காமல் காதல் தோல்வியைப் பேசுவது தாடிக்கு எண்ணெய் தடவுகிற வேலை.

பார்வதியைப் பற்றி விசாரிக்க மனமில்லை என்றாரே சரத்சந்திரரின் கதைசொல்லி, அந்த விசாரணையை நாம் தொடங்கலாம்.