22,300 என்ற எண்

இறங்க வேண்டிய ஊரை மூடுபனி மறைத்துக்கொண்டால், விமானி இன்று மாற்று விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டைப் பறப்பு மேலாண்மைக் கணினியில் தட்டுகிறார். தூரம், நேரம், அங்கே சேரும்போது மிஞ்சும் எரிபொருள் எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. 1982-ல் சேவைக்கு வந்த போயிங் 767-ஐ இந்தக் கணினியின் துணையோடு இருவரே ஓட்டினார்கள். பழைய பெரிய விமானங்களில் எரிபொருள் கணக்கைக் கவனித்துவந்த விமானப் பொறியாளருக்கு இதில் இருக்கை இல்லை. இதை வெறும் தொழில்நுட்ப வெற்றியாக எழுதிவிடுவது போதாது என்பது என் எண்ணம். அந்த ஆளை நீக்கியபோது அவருடைய பொறுப்பு யாரிடம் போனது என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் பயணம் இதற்குச் சாட்சி. மான்ட்ரியலில் அந்த 767-இன் எரிபொருள் அளவி வேலை செய்யவில்லை. தொட்டியைக் குச்சியால் அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. எட்மன்டன் வரை செல்ல 22,300 கிலோ தேவை. அந்நிறுவனத்தில் மெட்ரிக் முறைக்கு மாறிய முதல் விமானம் இது. லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கினார்கள். நிரப்பியது 4,916 லிட்டர் மட்டுமே. தேவையில் பாதிகூட இல்லை. கணினியிலோ 22,300 என்று பதிந்தார்கள். அது அந்த எண்ணிலிருந்து செலவைப் பிழையின்றிக் கழித்துக்கொண்டே வந்தது. 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்தபோதும் அதன் கணக்கில் எரிபொருள் தாராளமாக இருந்தது. வின்னிபெக்கை நோக்கித் திரும்ப முடிவெடுத்த சற்று நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்று, மின்சாரம் போய்த் திரைகள் இருண்டன. துணை விமானி மாரிஸ் குவின்டால், தரைக்கட்டுப்பாடு சொன்ன தூரத்தையும் மீதமிருந்த உயரமானியையும் வைத்துக் கணக்கிட்டார்: 10 கடல் மைலுக்கு 5,000 அடி இறங்குகிறது, வின்னிபெக் எட்டாது. தான் முன்பு பணியாற்றிய கிம்லி விமானப்படைத் தளத்தை அவர் நினைவுகூர்ந்தார். கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் ராபர்ட் பியர்சன், கார்ப் பந்தயத் திடலாகிவிட்ட அந்தப் பழைய ஓடுபாதையில் விமானத்தை இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

மனிதர் தவறாகப் பெருக்கியதற்குக் கணினியை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நான் கணினியைக் குறை சொல்லவில்லை. விசாரித்த நீதிபதி லாக்வுட், எரிபொருளைக் கணக்கிடும் பொறுப்பு யாருடையது என்பதையே நிறுவனம் தெளிவாக வரையறுக்கவில்லை என்று கண்டார். அந்த ஓட்டையைப் பெருக்கல் பிழை நிரப்பியது. இன்றைய கணினி அளவி காட்டுவதையும் தன் கணக்கையும் ஒப்பிட்டு எச்சரிக்கிறதே என்பது அடுத்த வாதம். உண்மைதான், அது பெரிய முன்னேற்றம். ஆனால் எரிபொருளில் அடைத்த ஓட்டை வேறிடத்தில் திறந்திருந்தது. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய ஒரு 757-இன் விமானிகள், ரோசோ என்ற வானொலி வழிகாட்டியை நினைத்து 'ஆர்' என்று தட்டினார்கள். தரவுத்தளத்தில் அந்த எழுத்து பொகோட்டா அருகிலுள்ள ரோமியோ என்ற வேறொரு வழிகாட்டியைக் குறித்தது. விமானம் அதை நோக்கித் திரும்பி, மலையில் மோதி, 159 பேர் இறந்தார்கள். கணினி இங்கேயும் சொன்னதைத்தான் செய்தது.

நீண்ட பயணங்களில் வழிப்புள்ளியைத் தாண்டியதும் மிச்ச எரிபொருளைத் திட்டத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் குறிக்கும் வழக்கத்தை, திரையில் எல்லாம் தெரியும் இக்காலத்திலும் விமானிகள் விடவில்லை.