இசைத்தட்டு ஸ்க்ராட்ச்: மைக் செட் முதல் டி.ஜே. மேசை வரை

சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, ஊசி எழுப்பும் ஒலியைத் தாளமாக்கும் கலை ஸ்க்ராட்ச் எனப்படும். 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப்ஹாப் இசையோடு சேர்ந்து இது பிறந்தது. நேர்ப்பொருளில் இதைச் 'சுரண்டல்' என்று சொல்லலாம். ஆனால் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் அந்தச் சொல்லைத் தொழிற்சங்கச் சுவரொட்டிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. எனவே இக்கட்டுரையில் ஸ்க்ராட்ச் என்றே வழங்குவோம்.

இக்கலையை உருவாக்கியவர்கள் இசைக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தும் கையால் தொட்டும் அறிந்த இளைஞர்கள். தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்கள் நிறைந்த இத்தொழில் வட்டாரத்தில் இதன் வரலாறு கவனிக்கத்தக்கது.

அரக்குத் தட்டின் காலம்

இந்தியாவில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகள் 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கின. பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பிரெட் கைஸ்பெர்க் அப்போது பதிவு செய்தார். அக்காலத் தட்டுகள் அரக்கால் ஆனவை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாட்டு இருக்கும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். கனமான எஃகு ஊசி தடத்தைத் தேய்த்துக்கொண்டே செல்லும். இத்தகைய தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்தால் தட்டும் கெடும், ஊசியும் கெடும். 'தட்டில் கீறல் விழக்கூடாது' என்பது அந்த நாளில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்பட்ட எச்சரிக்கை.

பின்னர் வினைல் தட்டுகள் வந்தன. நிமிடத்திற்கு 45 சுற்று, 33⅓ சுற்று என அவை மெதுவாகச் சுழன்றன. ஊசியின் பாரமும் குறைந்தது. கைபட்டாலும் தாங்கும் தட்டு கிடைத்த பிறகே ஸ்க்ராட்ச் பிறக்க வழி ஏற்பட்டது.

மைக் செட்காரர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இசைத்தட்டை ஊர் முழுவதும் கேட்கச் செய்தவர் மைக் செட்காரர். திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என எதுவானாலும் முதல் நாளே வந்து மரத்திலும் மாடியிலும் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார். பிள்ளையார் பாட்டில் தொடங்குவார். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' போன்ற படங்களின் வசனத் தட்டுகளையும் போடுவார்.

இவர் தட்டை மாற்றுபவர் மட்டும் அல்லர். அடுத்த பாட்டு தட்டின் எந்த வளையத்தில் தொடங்குகிறது என்பதை ஒளியில் சாய்த்துப் பார்த்து, ஊசியைச் சரியாக இறக்குவார். தாலி கட்டும் வேளையில் பாட்டை நிறுத்தி நாதஸ்வரத்திற்கு வழிவிடுவார். கூட்டத்தின் மனநிலை அறிந்து அடுத்த தட்டைத் தேர்ந்தெடுப்பார். ஆம்ப்ளிஃபயர் பழுதானால் தாமே பற்றவைப்பார். டி.ஜே. என்ற சொல் நம்மூருக்கு வருவதற்கு முன்பே டி.ஜே.யின் பாதி வேலையை இவர் செய்துகொண்டிருந்தார்.

பிராங்க்ஸில் நடந்தது

ஹிப்ஹாப்பின் தொடக்கமும் ஒருவகை மைக் செட்டில்தான் இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்து பிராங்க்ஸில் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் கிளைவ் கேம்ப்பெல், தம் தந்தையின் ஒலிபெருக்கிச் சாதனத்தைக் கொண்டு விருந்துகளுக்குப் பாட்டுப் போட்டார். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்து ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிக்கே மக்கள் அதிகம் ஆடுவதை ஹெர்க் கவனித்தார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்தச் சில நொடிகளை நீட்டினார்.

அதைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். பார்படோஸில் பிறந்த ஜோசப் சாட்லர் என்பது இவர் இயற்பெயர். பிராங்க்ஸில் இருந்த சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். நம் ஐ.டி.ஐ. மாணவரைப் போன்றவர் என்று கொள்ளலாம். அவர் மூன்று காரியங்கள் செய்தார். முதலாவது, தட்டின் மீது வண்ணக் கட்டியால் கோடிட்டுத் தாளம் தொடங்கும் இடத்தைக் கடிகார முள்போல அடையாளம் வைத்தார். இரண்டாவது, கூட்டத்திற்குக் கேட்காமல் அடுத்த தட்டைத் தாம் மட்டும் ஹெட்போனில் கேட்கும்படி ஒரு சுவிட்சு அமைத்தார். மூன்றாவது, ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து தட்டின் அடியில் வைத்தார். இதனால் கீழே மோட்டார் சுழன்றுகொண்டிருக்க, மேலே தட்டைக் கையால் பிடித்து நிறுத்த முடிந்தது. இன்று ஸ்லிப்மேட் என்று கடைகளில் விற்கப்படும் பொருள் இவ்வகையானதே.

ஸ்க்ராட்சைக் கண்டறிந்தவராக மதிக்கப்படுபவர் கிராண்ட் விசார்ட் தியடோர். 1970களின் நடுப்பகுதியில், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தாயார் வந்து கண்டித்தார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்திருந்த சிறுவன், அது முன்னும் பின்னும் நகரும்போது எழுந்த ஒலியைக் கவனித்தான். அதையே பயிற்சி செய்து வித்தையாக்கினான். தாயார் திட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பது. அந்நேரத்திலும் காதைத் திறந்து வைத்திருந்ததே அச்சிறுவனின் தனித்தன்மை.

மோட்டாரின் பங்கு

பழைய சாதனங்களில் மோட்டாரும் தட்டமும் ரப்பர் பெல்ட்டால் இணைக்கப்பட்டிருந்தன. கையால் நிறுத்தினால் பெல்ட் வழுக்கும். விட்டால் வேகம் பிடிக்க நேரமாகும். ஜப்பானின் மத்சுஷிதா நிறுவனம், டெக்னிக்ஸ் என்ற பெயரில், மோட்டாரே நேராகத் தட்டத்தைச் சுழற்றும் எஸ்பி-10 என்னும் சாதனத்தை 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1972இல் எஸ்எல்-1200 வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் 0.7 நொடியில் முழு வேகத்தை எட்டியது. வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் நழுவு விசையும் அதில் இருந்தது. வீட்டில் அமைதியாக இசை கேட்பதற்கென்று வடிவமைத்த கருவியை டி.ஜே.க்கள் தம் வாத்தியமாக்கிக்கொண்டனர். 2010இல் நிறுத்தப்பட்ட இவ்வரிசை 2016இல் மீண்டும் வந்தது.

1981இல் ஃப்ளாஷின் 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' இசைத்தட்டு, டர்ன்டேபிளை வாத்தியமாகவே பதிவு செய்தது. 1983இல் ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்' ஸ்க்ராட்சை உலகெங்கும் கொண்டுசென்றது. 1997இல் டிஎம்சி உலகப் போட்டியில் வென்ற கனடா நாட்டு ஏ-டிராக்குக்கு வயது 15.

தமிழில் 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்', 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' ஆகியவை வழியாக ஹிப்ஹாப்பின் குரல் பரவலாக அறிமுகமாயிற்று. கைவித்தைக்கு அந்த அளவு அறிமுகம் கிடைக்கவில்லை.

தொடக்கப் பாடம்

1. தயாரிப்பு: தட்டில் ஒலி தொடங்கும் இடத்தில் சிறு ஸ்டிக்கர் ஒட்டுக. ஃப்ளாஷின் வண்ணக் கோடு இதுவே. நிமிடத்திற்கு 80 முதல் 90 தட்டுகள் கொண்ட மெதுவான தாளத்தை மற்றொரு பக்கம் ஓடவிடுக.

2. பேபி ஸ்க்ராட்ச்: மிக்சரின் நழுவு விசையாகிய ஃபேடரைத் தொடாமல், தட்டை விரல் நுனிகளால் முன்னும் பின்னும் நகர்த்துவது. அழுத்தக்கூடாது. அழுத்தினால் ஊசி தாவும். நம் சொற்கட்டு இங்கே உதவும். 'தகதிமி' சொல்லி, 'த' முன், 'க' பின், 'தி' முன், 'மி' பின் என்று நகர்த்துக. பிறகு 'தகிட' சொல்லிப் பார்க்கவும். மூன்றெழுத்து என்பதால் முதல் 'த' முன்னோக்கி வந்தால் அடுத்த 'த' பின்னோக்கி வரும். இதில் தடுமாறாத கை தேறிய கை.

3. டியர்: ஒரே திசையில் போகும்போது நடுவில் நிறுத்தி மீண்டும் தொடர்வது. ஓர் ஒலி இரண்டாக உடையும்.

4. சர்ப்: தட்டு முன்னே போய் முடியும்போது ஃபேடரை மூடி, பின்னே வரும்போது திறப்பது. குருவி கீச்சிடுவதுபோல் கேட்கும்.

5. டிரான்ஸ்ஃபார்மர்: தட்டை மெதுவாக நகர்த்தியபடி ஃபேடரைத் திறந்து திறந்து மூடி, நீண்ட ஒலியைத் துண்டு துண்டாக்குவது. பிலடெல்பியா டி.ஜே.க்கள் பரப்பியது.

இரண்டாவது பாடம் கைவராமல் நான்காவதற்குப் போவதில் பயனில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் போதும். ஹெட்போனில் பழகலாம் என்பதால், இரவு ஷிப்ட் முடித்து உறங்குபவர் உள்ள விடுதி அறையிலும் யாருக்கும் தொல்லை இராது. அசல் டர்ன்டேபிள் வாங்க இயலாதவர் சிறிய டிஜிட்டல் கன்ட்ரோலரில் தொடங்கலாம். கையசைவின் இலக்கணம் ஒன்றே.

வட்டாரத்திற்கு எஞ்சியிருக்கும் பணி

திருப்பெரும்புதூர் என்றால் முன்பு இராமானுசர் அவதரித்த தலம் என்பர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும் 2006இல் நோக்கியா கைப்பேசிகளும் உற்பத்தியாகத் தொடங்கிய பின் தொழில் நகரம் என்கின்றனர். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆலைகள் திறந்த நாளும் மூடிய நாளும் செய்தித்தாளில் இருக்கின்றன. ஆனால் இச்சிற்றூர்களில் மைக் செட் நடத்தியவர்கள் யார், எந்தத் தட்டுகளை வைத்திருந்தனர், எப்படிக் கற்றனர் என்பதை அவர்களிடமே கேட்டால்தான் உண்டு. பிராங்க்ஸின் கதை உலகுக்குக் கிடைத்ததும், அங்கிருந்தவர்களைத் தேடிச்சென்று பலர் கேட்டு எழுதியதால்தான்.

மைக் செட்காரர்கள் பலருக்கு இன்று முதுமை. அவர்கள் பரணில் அழுக்கேறிக் கிடக்கும் தட்டுகளைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், டி.ஜே. பழகும் இளைஞர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். தட்டின் உறையில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரும் தேதியும்கூட வரலாற்றுச் சான்றுகளே. அத்தட்டுகளை மட்டும் ஸ்க்ராட்ச் பழக எடுத்துக்கொள்ள வேண்டாம்.