கயிறு குறையக் குறைய: நீர்ச்சறுக்கு ஸ்லாலமும் மும்பையின் கழிகளும்

'ஸ்லாலம்' என்னும் சொல் நார்வேயின் டெலிமார்க் மலைவட்டார வழக்கிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்றது. அதன் முதற்பகுதி சரிவையும் பிற்பகுதி தடத்தையும் குறிக்கும். பனி மூடிய சரிவில் பலகை பதித்த தடமே ஸ்லாலம். இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் தண்ணீருக்கு இடம்பெயர்ந்தபோது சரிவை இழந்தது. தடமும் தண்ணீரில் தங்குவதில்லை. சறுக்குபவர் கடந்த மறுகணமே அது அழிந்துவிடுகிறது. ஆகவே, தடத்தை மிதவைகளால் குறிக்க வேண்டியதாயிற்று. அழியும் தடத்தை அளந்து, ஒப்பிட்டு, ஆவணமாக்க மேற்கொண்ட முயற்சியே நீர்ச்சறுக்கு ஸ்லாலத்தின் வரலாறு எனலாம். அம்முயற்சி அசையாத நீரை வேண்டியது. அசையாத நீருக்காக நிலத்தைத் தோண்டியது. அதே நூற்றாண்டில் மும்பை நீரைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டிருந்தது. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, நீரின் அமைதி யாருடைய உடைமை என்ற கேள்வி எழுகிறது.

தொடக்கம் எளியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்னும் சிற்றூரின் ஓரமாக, மிசிசிப்பி ஆறு அகன்று பெப்பின் ஏரியாகிறது. அங்கு 1922 ஜூலை 2ஆம் நாள் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற இளைஞர் படகால் இழுக்கப்பட்டு நீரின்மேல் நிமிர்ந்து நின்றார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. பீப்பாய்ப் பலகைகளும் பனிச்சறுக்குப் பலகைகளும் முதலில் தோல்வியுற்றன. பின்னர் எட்டடி நீள மரப்பலகைகளை வாங்கி, அவற்றின் முனைகளைத் தாயாரின் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் வேகவைத்து வளைத்தார். படகை ஓட்டியவர் அவருடைய அண்ணன். பொது நீர்நிலை, வீட்டுப் பாத்திரம், மரக்கடைப் பலகை, உடன்பிறந்தவரின் துணை ஆகியவற்றுக்கு மேல் அன்று எதுவும் தேவைப்படவில்லை. சாமுவெல்சன் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. 1925இல் காப்புரிமை பெற்றவர் ஃபிரெட் வாலர். பிற்காலத்தில் சினெராமா என்னும் அகன்றதிரை முறையை உருவாக்கியவரும் இவரே. சாமுவெல்சனுக்குரிய முதன்மை 1960களில்தான் முறையாக ஏற்கப்பட்டது.

விளையாட்டு அமைப்பாக உருப்பெற்றது 1939இல். அவ்வாண்டு அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் தோன்றியது. நியூயார்க்கின் பொதுக் கடற்கரைப் பூங்காவான ஜோன்ஸ் பீச்சில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஸ்லாலம், வித்தை, தாண்டல் என்ற மூன்று பிரிவுகள் நிலைபெற்றன. 1946இல் பன்னாட்டு ஒன்றியம் அமைந்தது. 1949இல் முதல் உலகப் போட்டி பிரான்ஸின் ஜுவான்லெபான் கடற்கரையில் நடைபெற்றது. 1950இல் அது ஃபுளோரிடாவின் சைப்ரஸ் கார்டன்ஸ் என்னும் தனியார் பூங்காவுக்குச் சென்றது. பொதுக் கடற்கரையிலிருந்து கட்டணம் வாங்கும் பூங்காவின் ஏரிக்கு நிகழ்ந்த இந்த நகர்வு, பின்னர் வரவிருந்த மாற்றத்தின் முன்னறிகுறி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நீர்ச்சறுக்கு காட்சி விளையாட்டாகக் கீல் நகரில் இடம்பெற்றது; பதக்க விளையாட்டாக அது இன்றுவரை உயரவில்லை.

இன்றைய ஸ்லாலம் தடத்தின் கணக்கைப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். நுழைவாயில் முதல் வெளிவாயில் வரை 259 மீட்டர். வாயிலிலிருந்து முதல் மிதவைக்கு 27 மீட்டர்; அடுத்தடுத்த மிதவைகளுக்கிடையே 41 மீட்டர். படகு நடுக்கோட்டில் நேராகச் செல்கிறது. ஆறு மிதவைகளும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் விலகி, வலமும் இடமுமாக மாறிமாறி நிற்கின்றன. ஒவ்வொரு மிதவையின் வெளிப்புறத்தையும் சுற்றி வருவதே சறுக்குபவரின் பணி. ஆடவர் பிரிவின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். மகளிர் பிரிவில் 55. மணிக்கு 58 கிலோமீட்டரில் முழுத் தடமும் ஏறத்தாழ 16 நொடிகளில் முடிகிறது. இரண்டரை நொடிக்கு ஒரு மிதவை. படகு நேர்கோட்டில் செல்லும் அதே நேரத்தில் வளைந்து நெளிந்து அதனினும் நீண்ட வழியைக் கடக்க வேண்டியிருப்பதால், குறுக்கே பாயும்போது சறுக்குபவர் படகைவிட வேகமாகச் செல்ல நேர்கிறது.

உச்ச வேகத்தில் ஆறு மிதவைகளையும் கடந்தவரை எவ்வாறு மேலும் சோதிப்பது? வேகத்தை வரம்பின்றிக் கூட்டினால் ஆபத்து. ஆகவே கயிறு குறைக்கப்படுகிறது. இவ்விளையாட்டின் தனித்தன்மை இங்குதான் இருக்கிறது. 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 எனப் படிப்படியாகச் சுருங்குகிறது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என வானவில்லை ஒத்த வரிசையில் கயிற்றின் கண்ணிகளுக்கு நிறம் உண்டு. நீலக் கண்ணி 12 மீட்டர். ஊதாக் கண்ணி 11.25. மிதவையோ நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டரில் நிற்கிறது. ஊதாவுக்கு வந்தவுடன் கயிறு மிதவையை எட்டாது. எஞ்சிய தொலைவை நீட்டிய கையும் சாய்ந்த உடலுமே நிரப்ப வேண்டும். 2013இல் அமெரிக்கரான நேட் ஸ்மித் 9.75 மீட்டர்க் கயிற்றில் இரண்டரை மிதவைகளைக் கடந்து உலகச் சாதனை படைத்தார். அந்நிலையில் கயிறு மிதவைக்கு 1.75 மீட்டர் குறைவு. அரை மிதவை, கால் மிதவை எனப் பின்னங்களிலும் மதிப்பெண் எழுதப்படுவதற்குக் காரணம், சாதனைகளின் இடைவெளி அவ்வளவு நெருங்கிவிட்டதே.

அமெரிக்க வழக்கில் இந்நீளங்களைச் சொல்லும் முறையும் கவனத்துக்குரியது. கயிறு எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை. 75 அடியிலிருந்து எவ்வளவு வெட்டப்பட்டது என்றே சொல்கின்றனர். எண் பெருகப் பெருகக் கயிறு குறைகிறது. இழப்பையே முன்னேற்றத்தின் அளவாகக் கொண்ட கலைச்சொல் மரபு இது.

மதிப்பெண்ணில் கால் மிதவை முக்கியமானதும், தற்செயலான எதுவும் பிழையாகக் கருதப்படலாயிற்று. கருவிகளின் வரலாறு இப்பிழைகளை ஒவ்வொன்றாக நீக்கிய வரலாறே. இரட்டைப் பலகை போய், இரு பாதங்களும் முன்பின்னாக நிற்கும் ஒற்றைப் பலகை நிலைபெற்றது. மரம் கண்ணாடியிழைக்கும் பின்னர்க் கார்பன் இழைக்கும் வழிவிட்டது. பலகையின் வால்பகுதியில் உள்ள உலோகத் துடுப்பை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்களவில் நகர்த்தி அமைப்பது இன்று வழக்கம். 1960களின் தொடக்கத்தில் ஸ்கி நாட்டிக்கும், 1968இல் மாஸ்டர்கிராஃப்டும், பின்னலையைச் சிறிதாக்கும் நோக்குடன் இவ்விளையாட்டுக்கென்றே படகுகளைக் கொண்டுவந்தன. ஓட்டுநரின் கைத்திறனைச் சார்ந்திருந்த வேகத்தைக் கணினியும், பின்னர்ச் செயற்கைக்கோள் வழி இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் ஏற்றன. படகு நடுக்கோட்டிலிருந்து விலகியதா என்பதும் காணொளியால் சரிபார்க்கப்படுகிறது.

இறுதியாக எஞ்சிய பிழை நீரே. காற்று, நீரோட்டம், பிற படகுகள், கரையில் மோதித் திரும்பும் அலை ஆகிய அனைத்தும் அளவைக் குலைப்பவை. கைவிடப்பட்ட குழிகள் ஒரு தீர்வாயின: 1981இல் இங்கிலாந்தின் ஆண்டி மேப்பிள் தம் பதினெட்டாம் வயதில் உலகப் பட்டம் வென்ற தோர்ப் பார்க், சரளைக்கல் எடுத்த குழிகளில் நீர் நிரப்பி உருவானது. மற்றொரு தீர்வு புதிதாகவே தோண்டுவது. அமெரிக்காவில், குறிப்பாக ஃபுளோரிடா முதலிய தென்மாநிலங்களில், நீண்டு ஒடுங்கிய தனியார் ஏரிகள் இவ்விளையாட்டுக்கென வெட்டப்பட்டன. அலை மோதித் திரும்பாமல் அடங்குவதற்காக அவற்றின் கரைகள் மென்சரிவாக அமைக்கப்பட்டன. சரிவை இழந்து தண்ணீருக்கு வந்த சொல், ஏரிக்கரையில் தன் சரிவை மீண்டும் கண்டது. ஆனால் அக்கரைக்குள் செல்லும் உரிமை கரையில் வீட்டுமனை வாங்கியவருக்கும் சங்க உறுப்பினருக்கும் உரியதாயிற்று. தாயாரின் செப்புக் கொப்பரையில் தொடங்கிய விளையாட்டு, நிலமும் படகும் உடையோரின் விளையாட்டாக மாறியதற்கு யாருடைய தீய நோக்கமும் காரணமன்று. துல்லியம் ஒவ்வொரு படியிலும் ஒரு விலையைக் கேட்டது. அவ்விலையைப் பொது நீர்நிலை செலுத்த இயலவில்லை.

இத்தகைய அசைவற்ற நீர் மும்பையில் கிடைக்குமா என்று பார்ப்பது, அந்நகரத்தின் வரலாற்றை வேறொரு கோணத்தில் திறக்கிறது. மும்பையை நீர் சூழ்ந்திருக்கிறது. ஆனால் அரபிக்கடலின் ஓதம் அங்கு நான்கு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குகிறது. ஓதம் கழிகளுக்குள்ளும் புகுகிறது. தமிழில் கழி என்றும் மராத்தியில் காடி என்றும் வழங்கும் இவ்வுவர்நீர்ப் பரப்பில் மிதவை ஓரிடத்தில் நிற்காது. அசையாத நீர் வேண்டுமெனில் நகரின் வடக்கே அணைகட்டி உருவாக்கிய ஏரிகளுக்குச் செல்ல வேண்டும். 1860இல் அமைந்த விஹாரும் 1879இல் அமைந்த துள்சியும் குடிநீருக்கானவை. 1891இல் அமைந்த போவாய் ஏரி குடிநீருக்குத் தகுதியிழந்தது. இன்று ஆகாயத்தாமரையும் முதலைகளும் அதில் வாழ்கின்றன.

விஹார், போவாய் ஏரிகளின் மிகுநீரே மித்தி ஆறாகிறது. 'இனிமையானது' என்று பொருள்படும் அப்பெயரோடு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் வடவிளிம்பைத் தொட்டு, மாஹிம் கழியில் அது கலக்கிறது. தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். 1845இல் மாஹிமையும் பாந்திராவையும் இணைத்த கரைப்பாலம் முதலான கட்டுமானங்களும் தொடர்ந்த தூர்ப்பும் கழியின் இயல்பை மாற்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கு வேரூன்றியது. அதில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களுக்கும், பின்னர்ச் சென்ற பிற தமிழர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. நகரம் விலக்கிய தொழிலுக்கும் தொழிலாளருக்கும் சதுப்பின் ஓரமே ஒதுக்கப்பட்டது. வந்தவர்கள் சேற்றை நிரப்பித் தம் காலடி நிலத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர்.

எதிர்க்கரையிலும் தூர்ப்பு நிகழ்ந்தது. அதன் அளவும் நோக்கமும் வேறு. 1970களின் பிற்பகுதியிலிருந்து மித்தியின் சதுப்பு நிலத்தில் பாந்திரா-குர்லா வணிக வளாகம் திட்டமிட்டு எழுப்பப்பட்டது. மேற்புறத்தில் விமான நிலையம் ஆற்றின் போக்கை நெருக்கியது. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது, ஒடுக்கப்பட்ட மித்தி கரைகடந்தது. நீருக்குரிய இடத்தைக் குறைத்த முடிவுகள் பலவும் அலுவலகங்களில் எடுக்கப்பட்டவை. வெள்ளம் புகுந்த வீடுகளில் பல ஆற்றோரக் குடிசைகள். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் பெருமழைதோறும் நீர் தேங்குவதும், செம்பூரை அடுத்த தேவ்னாரில் தாணே கழியின் ஓரத்தில் நகரத்தின் குப்பைமேடு எழுந்து நிற்பதும் இதே வரலாற்றின் பிற பக்கங்கள். தமிழர் செறிந்து வாழும் இம்மூன்று பகுதிகளிலும் தேங்கிய நீர் என்பது விளையாட்டுக்கான வாய்ப்பன்று, வடியாத சுமை.

ஃபுளோரிடாவின் தோண்டலும் மும்பையின் தூர்ப்பும் நேரெதிர்ச் செயல்களாகத் தோன்றினும், இரண்டிலும் நீரின் எல்லையை முடிவுசெய்தவர் நிலத்தின் விலையை முடிவுசெய்யும் ஆற்றல் உடையவரே. ஓரிடத்தில் அமைதியான நீர் கரைமனையின் மதிப்பை உயர்த்தியது. மற்றோரிடத்தில் நீரை அகற்றியதே மதிப்பை உண்டாக்கியது. நீர்ச்சறுக்கு ஸ்லாலம் மும்பையில் வேரூன்றாததற்கு ஆர்வக்குறைவையோ பண்பாட்டு வேறுபாட்டையோ காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் அது போதாது. அசையாத நீர் இயற்கையின் கொடையன்று. மண், பணம், சட்டம் மூன்றும் சேர்ந்து செய்த பொருள் அது.

பெப்பின் ஏரி இன்றும் பொது நீர்நிலையாகவே இருக்கிறது. மித்தியும் சட்டப்படி எவருடைய தனியுடைமையும் அன்று. ஒரு நீர்நிலை பொதுவானது என்று சொல்லும்போது, அதில் இறங்கும் உரிமையோடு அது பெருகும்போது மூழ்காமல் இருக்கும் உரிமையும் சேர்ந்தே பொருள்கொள்ளப்பட வேண்டும். முதலாவது உரிமை லேக் சிட்டியின் இளைஞருக்கு 1922இல் கேட்காமலே கிடைத்தது. இரண்டாவது உரிமையைத் தாராவியின் ஆற்றோரக் குடும்பங்கள் இன்னும் கேட்டுப்பெற வேண்டிய நிலையில்தான் இருக்கின்றன.