கடைசி நாலு இலக்கம்

இந்த எபிசோடுக்கு விதை, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எழுதின ஒரு சின்ன கோடு. அமெரிக்க கிளையன்ட் ப்ராஜெக்ட். அங்கே ஒவ்வொருத்தருக்கும் ஒன்பது இலக்கத்தில் ஒரு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கும். அதில் முதல் ஐந்தை மறைத்து, கடைசி நாலை மட்டும் திரையில் காட்டணும். பத்து நிமிஷ வேலை. டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். நான் மறைச்சது தப்பான பாதின்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு.

1936 நவம்பருக்குப் போவோம். ஓய்வூதியத் திட்டத்துக்காக ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளக் கணக்கையும் தனித்தனியா எழுதி வைக்கணும். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பாங்க, அதனால ஆளுக்கு ஒரு எண். தபால் நிலையங்கள் வழியா விநியோகம் ஆரம்பிச்சது. முதல் மூணு இலக்கம் மாநிலத்தைக் காட்டும், நடுவில் ரெண்டு குழு எண், கடைசி நாலு வரிசை எண். கம்ப்யூட்டர் இல்லாத காலம், ஃபைலை அடுக்க வசதியா இருக்கணும், அவ்வளவுதான் நோக்கம். நம்ம பாஷையில் சொன்னா இது யூசர்நேம். இதை ரகசியமா வைக்கணும்னு யாருக்கும் தோணவே இல்லை.

எந்த அளவுக்குன்னா, 1938ல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் ஊரில் ஒரு பர்ஸ் கம்பெனி, அட்டை இப்படி உள்ளே பொருந்தும்னு காட்ட ஒரு மாதிரி அட்டையை ஒவ்வொரு பர்ஸிலும் செருகி விற்றது. அதில் அச்சடிச்ச எண், அங்கே வேலை பார்த்த செக்ரட்டரி ஒருத்தரோட நிஜ எண்! பர்ஸ் வாங்கின பலர் அதையே தங்களுக்கு வந்த எண்ணுன்னு நினைச்சுட்டாங்க. 1943ல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க.

அதே 1943ல், புதுசா எண் முறை தொடங்கும் மத்திய அரசுத் துறைகள் இந்த எண்ணையே எடுத்துக்கணும்னு ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். வேடிக்கை என்னன்னா, 1946ல் இருந்து அட்டையிலேயே "அடையாளத்துக்கு அல்ல" என்று அச்சடிச்சாங்க. 1960களில் வரித்துறை எடுத்துக்கொண்டது, 1969ல் ராணுவம். பேங்குகளும் சேர்ந்துகொண்டன. அப்புறம் போனில் "உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, சரியாச் சொன்னா நீங்கதான் அதுன்னு நம்ப ஆரம்பிச்சாங்க. யூசர்நேம் பாஸ்வேர்டா மாறினது அந்த இடத்தில்தான். 1974ல் தனியுரிமைச் சட்டம் வந்தது. எண்ணைக் கேட்கும் அரசு அலுவலகம் எந்தச் சட்டப்படி கேட்குது, எதுக்குப் பயன்படுத்தும்னு சொல்லணும். தனியார் கம்பெனிகளை அது கட்டுப்படுத்தவில்லை.

இனி வர்ஜீனியா மாநிலம். 1991ல் மார்க் கிரைடிங்கர் என்பவர் வாக்காளராகப் பதிய விண்ணப்பம் கொடுத்தார், இந்த எண்ணை மட்டும் எழுதாமல். விண்ணப்பத்தை நிராகரிச்சாங்க. அந்த நவம்பர் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. அப்போ அங்கே வாக்காளர் பதிவேட்டை எண்ணோடு சேர்த்தே வெளியாட்கள் பார்க்க முடியும். வழக்குப் போட்டார். ஓட்டுப் போடணும்னா எண்ணை ஊருக்கே காட்டணும் என்பது வாக்குரிமை மேல் சுமத்தின பாரம்னு 1993ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதோட முடியலை. அடுத்த சில வருஷங்களில் அதே மாநிலத்தின் நிலப் பத்திரங்கள், கோர்ட் ஆவணங்கள் இணையத்தில் ஏறின. எல்லாம் ஸ்கேன் செய்த படங்கள். பழைய பத்திரங்களில் எண்கள் அப்படியே இருந்தன. பி.ஜே. ஆஸ்டர்கிரென் என்கிற பெண் இதை எதிர்த்து மனு கொடுத்தார், அதிகாரிகளிடம் பேசினார், பலன் இல்லை. கடைசியில் அரசியல்வாதிகள், அதிகாரிகளோட எண்கள் தெரியும் ஆவணங்களை அரசு தளங்களில் இருந்தே எடுத்துத் தன் வெப்சைட்டில் போட்டார். எனக்கு இந்த வழி சங்கடமாத்தான் இருக்கு. ஆனா அரசு செஞ்சதைப் பாருங்க: 2008ல் சட்டத்தை மாற்றி, பொது ஆவணத்தில் இருந்து எடுத்த எண்ணையும் வெளியிடக்கூடாதுன்னு சொன்னது. ஆவணங்களிலோ அதே எண்கள் அப்படியே இருந்தன. பணம் கட்டின சந்தாதாரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்! மறைக்கப்படாத ஆவணங்களை அரசே கொடுத்துக்கொண்டு இவரை மட்டும் தண்டிக்க முடியாதுன்னு 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, எல்லா ஆவணத்தையும் மறைச்சுட்டா? 2009ல் அலெசாண்ட்ரோ அக்விஸ்டி, ரால்ஃப் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதையும் போட்டு உடைச்சாங்க. 1980களின் கடைசியில் இருந்து பிறந்ததுமே எண் கொடுக்கும் பழக்கம் வந்தது. மாநிலமும் தேதியும் தெரிஞ்சா முதல் ஐந்து இலக்கத்தை ஊகிக்கலாம். இறந்தவர்களின் பதிவேட்டை வைத்து சோதிச்சதில், 1988க்குப் பிறகு பிறந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு அந்த ஐந்தும் ஒரே முயற்சியில் சரியா வந்தது.

இப்போ என் கோடை நினைச்சுப் பாருங்க. ஊகிக்க முடிஞ்ச ஐந்தை மறைச்சேன். ஊகிக்கக் கஷ்டமான நாலைத் திரையில் காட்டினேன். கஸ்டமர் கேர்லயும் அந்த நாலைத்தான் கேட்பாங்க.

2011 ஜூனில் இருந்து புது எண்களை வரிசை இல்லாமல், மாநில அடையாளம் இல்லாமல் கொடுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி வாங்கினவங்களுக்குப் பழைய எண்ணேதான். அந்த ப்ராஜெக்ட்டை விட்டு வந்துட்டேன். என் கோடு அங்கே இன்னும் ஓடிட்டு இருக்கும்னுதான் நினைக்கிறேன்.