மறைத்த நோயும் மறையாத துயரமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மரதன் ஓட்டப் படிவங்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'மாணவருக்கு நோய் ஏதும் உண்டா?' என்ற வினாவுக்கு ஒரு மாணவனின் படிவத்தில் 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. கீழே தந்தையின் கையொப்பம். ஓட்டத்தின் பாதி வழியில் அந்தப் பிள்ளை மூச்சு முட்டி வீதியோரத்தில் சரிந்துவிட்டான். சிறுவயது முதலே அவனுக்குத் தொய்வு இருந்ததாம். நல்ல காலம், பிழைத்துக்கொண்டான்.

"சொன்னால் ஓட விடமாட்டீங்கள் சேர், அதுதான்..." என்று தந்தை தலைகுனிந்து நின்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவன் வகுப்பில் இழுத்து இழுத்து மூச்சு விடுவதை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் படிவத்தை வாங்கியபோது அது என் நினைவுக்கு வரவில்லை. எங்கள் இல்லத்துக்கு ஓட ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஒற்றைச் சொல் 'இல்லை'யை எழுதிய கைகள் எத்தனை என்று அன்று யோசித்தேன். அந்த யோசனை என்னை வரலாற்றின் பக்கம் இட்டுச் சென்றது. ஓட்டப் பந்தயத்துக்கன்றிப் போர்க்களத்துக்கே இவ்வாறு நோயை மறைத்துச் சென்றோர் பலர். அவர்களைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

1914 ஒகஸ்ட் 4ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. கட்டாய இராணுவ சேவை 1916ஆம் ஆண்டிலேயே அங்கு வந்தது. அதுவரை சேர்ந்தவர்கள் யாவரும் தொண்டர்களே. 1914 செப்டெம்பர் 3ஆம் திகதி ஒரே நாளில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். இத்தகைய நெரிசலில் வைத்திய பரிசோதனை எப்படி நடந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆள் சேர்க்கும் அலுவலருக்கு ஆளொன்றுக்கு இரண்டரைச் சிலிங் கிடைத்தது. கேள்வி குறைந்தால் வரும்படி கூடும். சேர வந்தவனுக்கோ சீருடையில்லாமல் வீதியில் நடக்கவே கூச்சம். கோழை என்று பழித்துப் பெண்கள் வெள்ளை இறகை நீட்டிய காலம் அது. வறிய வீட்டு இளைஞனுக்கு இராணுவம் என்பது மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளமுமாகும். ஆகவே ஒருவன் இருமலை அடக்கினான். இன்னொருவன் பழைய காய்ச்சலைச் சொல்லாமல் விட்டான். கேட்க வேண்டியவரும் கேட்காமல் விட்டார்.

போரின் கடைசி ஆண்டில், 1917 நவம்பர் முதல் 1918 ஒக்டோபர் வரை, பிரித்தானியாவில் ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்கள் சற்று ஒழுங்கான முறையில் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் முழுத்தகுதி பெற்றோர் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. தேசத்தின் உடல்நிலை இதுவாயின், தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பப்பட்டவர்களின் நிலை என்ன என்பதை நாமே ஊகிக்கலாம்.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய எழுத்தாளரின் வீட்டுக் கதையும் உண்டு. பம்பாயில் பிறந்தவர், 'கிம்' நாவலை எழுதியவர், 1907இல் நோபல் பரிசு பெற்றவர் றட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜோன், 1897 ஒகஸ்ட் 17இல் பிறந்தவன். தந்தையைப் போலவே அவனுக்கும் கிட்டப்பார்வை. கடற்படைக் கனவு அதனாலேயே கலைந்தது. 1914இல் தரைப்படைக்கு முயன்றபோதும் கண்பார்வை காரணமாகவே தள்ளப்பட்டான்.

மங்கிய கண்ணின் துயரம் கிப்ளிங்குக்குத் தெரியாததன்று. சிறுவயதில் இங்கிலாந்தில் அந்நியர் வீட்டில் விடப்பட்டிருந்த காலத்தில், தம் பார்வை பழுதுபட்டதை எவரும் கவனிக்காமல், படிப்பில் பின்தங்கித் தண்டனை பெற்றதைத் தம் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரே தம் நண்பர் றொபர்ட்ஸ் பிரபுவிடம் சென்றார். பிரபு ஐரிஷ் காவற்படைப் பிரிவின் கௌரவத் தலைவர். அவருடைய சொல்லால் ஜோன் அப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனான். இங்கே நோய் மறைக்கப்படவில்லை என்பது உண்மை. எல்லோரும் அறிந்த குறையை எல்லோரும் சேர்ந்து காணாமல் விட்டார்கள். மறைப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1915 செப்டெம்பர் 25இல் பிரான்சிலே லூஸ் சமர் தொடங்கியது. 27ஆம் திகதி ஜோன் காணாமற் போனான். பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்து ஆறு வாரங்கள்கூட நிறையவில்லை. தாயும் தந்தையும் காயப்பட்ட போர்வீரர்களைத் தேடித்தேடி விசாரித்தனர். உடல் கிடைக்கவில்லை. கிப்ளிங் 1917இல் போர்க் கல்லறை ஆணைக்குழுவில் சேர்ந்தார். பெயரறியாத வீரனின் கல்லில், இவனை இறைவன் அறிவான் என்ற பொருள்படப் பொறிக்கப்படும் வாசகம் அவர் தந்ததே. திருகோணமலையிலும் கண்டியிலும் உள்ள போர் மயானங்களைப் பராமரிப்பதும் அதே ஆணைக்குழுதான்.

மகன் சேர்ந்திருந்த படைப்பிரிவின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1923இல் அவர் வெளியிட்டார். தம் மகனை அதிலே மற்ற அதிகாரிகளுள் ஒருவனாக மட்டும் குறிப்பிட்டுக் கடந்து செல்கிறார். 1919இல் வெளிவந்த போர்க் கல்லறை வாசகக் கவிதைகளிலோ, தந்தையரின் பொய்யைப் பிள்ளைகள் குற்றஞ்சாட்டும் ஈரடி ஒன்று உண்டு. அது அவருடைய சொந்தக் குற்றவுணர்வா, போருக்கு நாட்டை ஆயத்தம் செய்யாத அரசியல்வாதிகள் மீதான கோபமா என்று ஆய்வாளர் விவாதிப்பர். 1936இல் மகனின் கல்லறையைக் காணாமலே கிப்ளிங் இறந்தார். பெயரில்லாதிருந்த ஒரு கல்லறை ஜோனுடையது என்று ஆணைக்குழு அறிவித்தது 1992ஆம் ஆண்டிலேயாகும்.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுத் தாயை நான் ஆண்டுதோறும் வகுப்பில் படிப்பிக்கிறேன். ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள் அவள். பாட்டு அந்த வழியனுப்புதலோடு நின்றுவிடுகிறது. பின்னர் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கிப்ளிங்கின் இருபது ஆண்டுகள் நமக்குச் சொல்கின்றன.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 1941இல் ஓர் அமெரிக்க இளைஞனை முதுகு வலியும் குடல் நோயும் காரணமாகத் தரைப்படையும் கடற்படையும் ஏற்கவில்லை. அவனுடைய தந்தை இலண்டனில் தூதுவராக இருந்தவர். அப்போது அங்கே பணியாற்றிய கடற்படை அதிகாரி ஒருவரின் உதவியை நாடினார். அதே ஆண்டில் அந்த இளைஞன் பரிசோதனையில் தேறிக் கடற்படை அதிகாரியானான். அவனே ஜோன் எஃப். கென்னடி. 1943 ஒகஸ்ட் 2இல் சொலமன் தீவுக் கடலில் அவனது படகை யப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. பதின்மூவரில் இருவர் மாண்டனர். எரிகாயம்பட்ட ஒருவரின் மிதவை அங்கிப் பட்டியைப் பல்லால் கடித்து இழுத்தபடி, பழுதான முதுகோடு கென்னடி பல மணிநேரம் நீந்திக் கரை சேர்ந்தான். நோயை மறைத்தவன் வீரனானான். 1960இல் ஜனாதிபதியாகவும் தெரிவானான். அந்தத் தேர்தல் காலத்திலும் அவனது நோய்கள் மறைக்கப்பட்டே இருந்தன. மருத்துவப் பதிவேடுகளை வரலாற்றாசிரியர் றொபர்ட் டாலெக் பார்வையிட்டு எழுதியது 2002இல்தான்.

கென்னடி பிழைத்தான், ஆகவே பொய் வீரக்கதையாயிற்று. கிப்ளிங்கின் மகன் இறந்தான். ஆகவே அது பாவமாயிற்று. முடிவைக் கொண்டு பொய்யை அளப்பது சரியாகுமா? கையொப்பமிடும் வேளையில் எந்தத் தந்தைக்கும் முடிவு தெரியாது.

உண்மையைச் சொன்ன பரிசோதனை என்ன செய்தது என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்துக்குச் சேர வந்த பிரித்தானிய நகரத்து இளைஞர் பலர் உடற்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏன் இப்படி என்று ஆராயக் குழு அமைத்தார்கள். 1904இல் அறிக்கை வந்தது. அதன் பின்னரே 1906இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் சட்டமும், 1907இல் பாடசாலை வைத்திய பரிசோதனையும் வந்தன. 'தகுதியில்லை' என்று நேர்மையாக எழுதியதால் ஏழைப் பிள்ளைகளின் பசி அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போதும் நான் மரதன் படிவங்களைச் சேர்க்கிறேன். 'இல்லை' என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, "உண்மையைச் சொல்லு தம்பி, ஓடாவிட்டாலும் நீ எங்கள் இல்லத்துப் பிள்ளைதான்" என்று சொல்கிறேன். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுடைய படிவத்தை நான் வாங்குவதில்லை. எங்கள் இல்லம் மரதனில் தோற்ற ஆண்டுகளும் உண்டு.