மாலையும் மணமும்

பகலெல்லாம் உழைத்து ஓய்ந்த மனிதன் அந்தி சாயும் வேளையில் மன அமைதியை நாடுகிறான். அவ்வமைதியை இசையில் பெறுவோர் உண்டு. நல்ல நூலில் பெறுவோர் உண்டு. நறுமணத்தில் பெறுவோரும் உண்டு. இன்று பல வீடுகளில் மேசைமேல் ஒரு சிறு கருவி இருப்பதைக் காண்கிறோம். அதில் சிறிது நீரை ஊற்றி, மணமுள்ள எண்ணெயை நான்கைந்து துளி விட்டு, விசையை அழுத்தினால், மெல்லிய பனிப்புகை எழுந்து அறையெங்கும் மணம் பரப்புகின்றது. டிஃப்யூசர் என்று அதனை அழைக்கின்றனர். கருவி புதியது, அதனை விரும்பும் உள்ளமோ மிகப் பழையது. மனிதன் எவ்வெவ்வழிகளில் மணத்தைத் தன் மனைக்குள் கொணர்ந்தான், அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை இப்பேச்சில் காண்போம்.

இவ்வரலாற்றைத் தீயின் காலம், ஆவியின் காலம், அதிர்வின் காலம் என மூன்றாகப் பகுத்துக் கொள்ளலாம்.

மரத்தின் பிசினிலும் வைரத்திலும் உறங்கும் மணத்தை முதன்முதல் எழுப்பியது தீயே. 'பெர்ஃப்யூம்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடினால், அது இலத்தீன் மொழியில் 'புகையின் வழியாக' என்று பொருள்படுவதைக் காணலாம். கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட் என்னும் அரசி, பண்ட் என்ற நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பி, மணப்பிசின் தரும் மரங்களை வேரோடு கூடைகளில் வைத்துக் கொணரச் செய்தாள். அக்காட்சி டெய்ர் எல் பஹ்ரியில் அவள் எழுப்பிய கோயிலின் சுவர்களில் இன்றும் சிற்பமாக நிற்கின்றது.

எகிப்தியர் பொழுதுக்கு ஏற்பப் புகையை மாற்றினர் என்று கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதியுள்ளார். காலையில் மரப்பிசின்; நண்பகலில் வெள்ளைப்போளம்; மாலையில் 'கைஃபி' என்ற கூட்டுப்புகை. தேன், திராட்சை மது, உலர்ந்த திராட்சை, பிசின்கள் முதலியவற்றைக் கலந்து செய்த அது, பகற்கவலைகளின் இறுக்கத்தைத் தளர்த்தி உறக்கத்தைக் கூட்டும் என்பது அவர் தரும் விளக்கம். மாலை ஓய்வுக்கு மணத்தைத் துணையாகக் கொள்ளும் வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டிலும் மாலைக்கும் மணத்துக்கும் நெருங்கிய உறவு இருந்தது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஓர் அரிய காட்சி உண்டு. மழை மூடிய நாளில் கதிரவன் மறைந்ததை மகளிர் எவ்வாறு அறிந்தனர்? பறித்து வைத்த பிச்சி அரும்புகள் இதழ் அவிழ்ந்து மணம் வீசியதைக் கொண்டு, மாலை வந்தது என்று உணர்ந்தனர். உடனே இரும்பு விளக்கை ஏற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபட்டனர். அவர்களுக்கு மலரின் மணமே கடிகாரமாய் இருந்தது! அதே பாட்டில், குளிர்காலத்தில் சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடப்பதையும், குளிரைப் போக்க அகிலைப் புகைப்பதையும் புலவர் காட்டுகின்றார். மலரின் மணத்துக்குத் தீ வேண்டுவதில்லை. பொருளும் மிகுதியாக வேண்டுவதில்லை. அகிற்புகையோ செல்வர் மனைக்கே உரியது.

ஏனெனில் அகிலும் பிற மணப்பொருள்களும் தொலைவிலிருந்து வந்தன. கீழ்க்காற்றின் துணையோடு கப்பல்களில் வந்த அகில், பட்டு, சந்தனம், கருப்பூரம் ஆகியவற்றைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. மேற்கே அரேபியக் கரையிலிருந்து குந்துருக்கப் பிசின் பல நாடுகளுக்கும் சென்றது. அப்பிசினைத் திரட்டியவர் யார்? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடற் பயண நூல்' விடை கூறுகின்றது. அரசனின் அடிமைகளும், தண்டனை பெற்று அனுப்பப்பட்டவர்களுமே அதனைத் திரட்டினர்; நோய் மலிந்த அவ்விடத்தில் வேலை செய்தோர் மாண்டுபோயினர். ரோமாபுரியின் மாளிகைகளில் எழுந்த நறும்புகைக்குப் பின்னே பெயர் அறியாத மனிதர்களின் உயிர் இருந்தது. மணத்தின் வரலாற்றைப் பயில்வோர் இதனை மறத்தல் ஆகாது.

இனி, ஆவியின் காலத்துக்கு வருவோம். மலரையும் இலையையும் நீரிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து, மணத்தை நீராகவும் எண்ணெயாகவும் பிரித்தெடுக்கும் கலையை இடைக்கால அரபு, பாரசீக அறிஞர்கள் சிறக்க வளர்த்தனர். அதனால் மணம் புகையை விட்டுக் குப்பிக்குள் குடிபுகுந்தது. 1605 முதல் 1627 வரை ஆண்ட முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். நூர்ஜஹானின் தாயார் பன்னீர் செய்யும்போது, சூடான பன்னீரின்மேல் ஏடுபோல் ஒன்று மிதப்பதைக் கண்டார். அதனைச் சிறுகச் சிறுகத் திரட்டினார். அதுவே ரோஜா அத்தர். அதன் மணத்தில் மகிழ்ந்த பேரரசர் அவருக்கு முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தார். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் செப்புக் கொப்பரையும் மூங்கிற் குழாயும் கொண்டு அத்தர் வடிக்கும் பழைய முறை இன்றும் நடைபெறுகின்றது.

ஆவி வந்ததால் மணம் மலிந்துவிட்டதோ எனின், இல்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட இதழ்கள் வேண்டும். வெயில் ஏறினால் மணம் குன்றும்; ஆதலால் விடியற்காலையிலேயே அவற்றைக் கையால் பறிக்க வேண்டும். ஒரு துளியில் எத்தனை கைகளின் உழைப்பு அடங்கியுள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, அதிர்வின் காலம். 1880-இல் பிரான்சு நாட்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். அவற்றில் மின்சாரத்தைச் செலுத்தினால் அவை அதிரும் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. காதுக்குக் கேளாத அத்தகைய விரைந்த அதிர்வு, நீர்மத்தை நுண்துளிகளாகச் சிதறச் செய்வதை 1927-இல் அமெரிக்க அறிஞர்களான உட், லூமிஸ் ஆகியோர் விளக்கினர். இன்றைய வீட்டுக் கருவிகள் பலவற்றின் அடியில் உள்ள சிறு வட்டத் தகடு நொடிக்கு 17 லட்சம் முதல் 24 லட்சம் முறை வரை அதிர்கின்றது. நீர் கொதிப்பதில்லை, எண்ணெய் எரிவதில்லை, ஆயினும் மணம் எழுகின்றது. முன்பு அரண்மனைக்குரியதாய் இருந்த இன்பம் எளிய இல்லத்துக்கும் எட்டியது.

மணம் ஏன் மனத்தைத் தொடுகின்றது? ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவரும் மணத்தை உணரும் ஏற்பிகளுக்கு உரிய மரபணுக்களை 1991-இல் கண்டறிந்து, 2004-இல் நோபெல் பரிசு பெற்றனர். மூக்கிலிருந்து செல்லும் செய்தி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை மிக நெருங்கிய வழியில் அடைகின்றது. ஆதலால்தான் ஒரு மணம் மறந்த நாளை மீட்டுத் தருகின்றது. 1937-இல் பிரெஞ்சு வேதியியலார் கட்டஃபோசே தம் நூலுக்கு 'அரோமாதெரபி' எனப் பெயரிட்டார். அச்சொல் உலகெங்கும் பரவியது. எனினும், மணம் மனத்துக்கு இதம் தரும் என்பது வேறு; நோயைத் தீர்க்கும் என்பது வேறு. முன்னது பலரும் அறிந்த அனுபவம். பின்னதற்குத் தக்க சான்று வேண்டும். மேலும், அடைத்த அறையில் நெடுநேரம் மணத்தைப் பரப்புவது நன்றன்று. குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் மிகுந்த கவனம் வேண்டும்.

மணத்தைப் பெறும் வழி எளிதாயிற்று. ஆனால் மணத்தின் ஊற்று எளிதாகிவிடவில்லை. அகில் மரம் இயல்பாக மணப்பதில்லை. வண்டு துளைத்தோ, காளான் பற்றியோ, காயம் பட்டபின் மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அகிலின் மணம். பிசின் உள்ளே உண்டா, இல்லையா என்பதைப் புறத்தே நின்று அறிதல் அரிது. அதனால் நோயற்ற மரங்களும் வெட்டுண்டன. காடுகளில் அகில் அருகிற்று. 1995-இல் ஓர் அகில் இனத்தின் வாணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுக்குள் கொணர்ந்தது. 2018-இல் அவ்வினம், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இலக்கியத்தில் நாம் படித்து மகிழும் அகில், காட்டில் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்பது இன்று நம்முன் நிற்கும் வினா.

மாணவர்களே! தீயில் தொடங்கி அதிர்வு வரை, மணத்தைக் குறைந்த செலவில் பெறும் அறிவை மனிதன் வளர்த்துக்கொண்டான். அந்த மணத்தைத் தந்த மரத்தையும் அதனைத் திரட்டிய கையையும் எண்ணும் பண்பையும் அவன் வளர்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் உங்கள் இல்லத்தில் மணம் கமழும்போது, இது எந்த மண்ணிலிருந்து வந்தது, எவர் உழைப்பால் வந்தது என்று ஒருமுறை கேளுங்கள். நான்கு துளி போதுமெனில் ஐந்தாவது துளியை விடாதீர்கள். வாசலில் ஒரு பிச்சிக் கொடியையும் நட்டு வையுங்கள். மாலை வந்ததை அது அறிவிக்கும்.