கிளினிக் கொப்பியும் கணினிப் பதிவும்: ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி, பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ள பெரியவர்கள் இருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வாப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். இரத்தப் பரிசோதனைத் துண்டுகளை எல்லாம் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தோம். கிரியேட்டினின் ஒரு தடவை 0.7, இன்னொரு தடவை 0.9, பிறகு 1.1. ஒவ்வொரு துண்டிலும் எண் 'சாதாரண அளவு' என்ற எல்லைக்குள்ளேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் "அல்ஹம்துலில்லாஹ், பிரச்சினை இல்லை" என்று வீடு வந்தோம்.

பிறகு ஒரு நாள் 1.9 என்று வந்தது. அன்று இருந்த இளம் டொக்டர் பேக்கை வாங்கி, துண்டுகளைத் திகதி வரிசையில் மேசையில் அடுக்கினார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எண் நின்ற இடம் சரியாக இருந்த காலத்திலேயே, அது போய்க்கொண்டிருந்த திசை பிழையாக இருந்திருக்கிறது. தகவல் எல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. வரிசையாக வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ஒரு பிள்ளை கணிதத்தில் 60 எடுத்தால் அது நல்லதா கெட்டதா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. முதலாம் தவணை 85, இரண்டாம் தவணை 72 என்று தேர்ச்சி அறிக்கையில் பார்த்தால்தான் பெற்றாரை அழைத்துப் பேச வேண்டும் என்று தோன்றும். நோயும் அப்படித்தான். இந்த உண்மையை மருத்துவ உலகம் எப்படிப் படிப்படியாகக் கற்றது என்பதைத் தேடி வாசித்தோம். அதையே இங்கே சுருக்கமாகப் பகிர்கிறோம்.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களிலேயே நோயாளியின் நிலை நாள்வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. முதலாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இப்படி, ஆறாம் நாள் இப்படி என்று. அந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனவர்கள். அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள்.

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அர்-ராஸி, பாரசீகத்தின் ரய் நகரைச் சேர்ந்தவர். பக்தாதில் வைத்தியசாலைப் பொறுப்பில் இருந்தவர். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைத் தொடர்ந்து எழுதி வைப்பது அவருடைய வழக்கம். அவர் மரணித்த பின் அவருடைய குறிப்புகளைத் தொகுத்ததுதான் 'அல்-ஹாவி' என்ற பெரும் நூல். 1279 இல் சிசிலியில் அது லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போனது. சின்னம்மையையும் பெரியம்மையையும் நாம் குழப்பிக்கொள்வது போல, அந்தக் காலத்தில் பெரியம்மையையும் சின்னமுத்தையும் குழப்பினார்கள். இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதியவரும் அவரே. நாள்தோறும் உற்றுப் பார்த்து எழுதும் ஒருவருக்கே அது முடியும்.

1868 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிக் என்ற டொக்டர், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, காய்ச்சலைக் கோட்டுப் படமாகக் காட்டினார். வாட்டில் காய்ச்சல் சார்ட் வரைகிற வழக்கத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்த பிரச்சினை, பதிவுகள் சிதறிக் கிடந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டொக்டர்கள் தங்கள் தங்கள் பேரேட்டில் எழுதினார்கள். ஒரே நோயாளியின் கதை நாலு புத்தகங்களில் கிடக்கும். 1907 இல் ஹென்றி பிளம்மர் என்பவர் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம், அவருக்கென்று ஒரே கோவை என்ற முறையைக் கொண்டுவந்தார். 1968 இல் லோரன்ஸ் வீட் என்ற டொக்டர் இன்னொரு படி மேலே போனார். ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தனியாக நான்கு விடயங்களை எழுதச் சொன்னார்: நோயாளி என்ன சொல்கிறார், பரிசோதனை என்ன காட்டுகிறது, இதை நாம் எப்படி விளங்கிக்கொள்கிறோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம்.

பிறகு கணினி வந்தது. 1970களில் இந்தியானாபொலிஸ் நகரில் கிளெமன்ட் மெக்டொனால்ட் என்ற டொக்டர் ஒரு கணினிப் பதிவு முறையை உருவாக்கினார். பதிவில் உள்ள மாற்றத்தைப் பார்த்து, "இதைக் கவனியுங்கள்" என்று கணினி டொக்டருக்கு நினைவூட்டும். 1976 இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், நினைவூட்டல் கிடைத்தபோது டொக்டர்கள் 51 வீதமான தடவைகளில் உரிய நடவடிக்கை எடுத்தார்கள். கிடைக்காதபோது 22 வீதம் மட்டுமே. அவர்களுக்கு அறிவு குறைவு என்பதல்ல. தகவல் அதிகம், நேரம் குறைவு, மனிதன் தவறவிடுவான். இதுதான் அவர் கண்ட முடிவு.

எமது நாட்டுக்கும் இதில் பெருமைப்பட ஒன்று உண்டு. 2020 ஜனவரியில், கொரோனா தலைகாட்டிய உடனேயே, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பதிந்து தொடர்ந்து கவனிக்க எமது சுகாதார அமைச்சும் இலங்கை நிபுணர்களும் ஒரு கணினி முறையை அமைத்தார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் மென்பொருளைக் கொண்டு செய்யப்பட்ட அந்த முறை, பல நாடுகளுக்கு முன்மாதிரி ஆனது. அரச வைத்தியசாலைகள் பலவற்றிலும் இப்போது கணினிப் பதிவும், நோயாளிக்குத் தனி இலக்கமும் வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் கணினி வந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. நேற்றைய குறிப்பையே இன்றும் பிரதி பண்ணி ஒட்டினால், நோய் மாறியிருந்தாலும் பதிவு மாறாது. ஒரு வைத்தியசாலையின் பதிவு இன்னொன்றுக்குத் தெரியாமலும் போகலாம். அதுவரை எங்கள் கையில் உள்ள கிளினிக் கொப்பிதான் பாலம். சுனாமியில் வீட்டோடு கொப்பியையும் இழந்து, என்ன குளிசை குடித்தோம் என்று சொல்ல முடியாமல் நின்ற பெரியவர்களை எங்கள் கரையோர ஊர்கள் மறந்திருக்காது.

ஆகவே ஊராரிடம் சில வேண்டுகோள்கள்.

ரிப்போட்டுகளைத் திகதி வரிசையில் ஒரே பைலில் வையுங்கள். முக்கியமான எண்களை ஒரு கொப்பியில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். போனில் படமும் எடுத்து வையுங்கள். வைத்தியசாலையில் இலக்கம் தந்தால் அதைக் கொப்பியின் முன் அட்டையில் எழுதுங்கள். டொக்டரிடம் "இது சரியா?" என்று மட்டும் கேட்காமல், "போன தடவையை விடக் கூடியிருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. உதவி கேட்டு வட்ஸ்அப் குழுமங்களில் நோயாளியின் பெயரோடு ரிப்போட்டைப் போடுகிறோம். நோயாளியின் சம்மதம் கேட்கிறோமா? அது அவருடைய அமானிதம்.

வாப்பா இப்போது சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறார். பைல் எங்கள் கையில், திகதி வரிசையில். இரண்டு வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம். எங்களுக்குப் பிந்திய புத்தி, உங்களுக்காவது முந்தட்டும். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.